ஆட்டுக்கல் போனதால்தானா?

பெண்களின் உடல் பருமனுக்குக் கிரைண்டரைக் குற்றம் சொல்வது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஆட்டுக்கல் முன் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் உளுந்தைக் குழிக்குள் தள்ளிய உழைப்பு சின்னதல்ல. 1955-இல் கோவையில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை அறிமுகப்படுத்தினார். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டம் அதை ஏழை வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-இல் சுமார் 31 சதவீதம், 2019-21-இல் 40. கிரைண்டரையும் இந்த உயர்வையும் முடிச்சுப் போடுவது சுலபம். ஆனால் அதே காலத்தில் ஆண்களிடமும் அது 28-லிருந்து 37 ஆக உயர்ந்தது. அவர்களில் எத்தனை பேர் மாவாட்டினார்கள்?

பாட்டிமார் ஒல்லியாக, திடமாக இருந்தார்களே என்பார்கள். ஒல்லியெல்லாம் திடம் அல்ல. எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தை உண்டவர்களின் மெலிவும் அதில் உண்டு. இன்றும் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. உடலுழைப்பு குறைந்தது உண்மைதான். கூடவே தீட்டிய அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் தட்டில் கூடின. கிரைண்டரால் மிச்சமான நேரமும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இல்லத்தரசிக்கு அது வேறு வீட்டுவேலையானது. வேலைக்குப் போகிறவளுக்கு அலுவலக நாற்காலி, வீடு திரும்பினால் அடுப்படியில் இரண்டாவது ஷிஃப்ட். ஆகவே கல்லைத் திரும்பக் கொண்டுவருவது தீர்வல்ல. அடுப்படியில் ஆண்கள் பங்கெடுக்கட்டும். அவள் நடக்க ஒரு மணி நேரமும், தட்டில் பருப்பும் காயும் கிடைக்கட்டும்.