ஒரு தென்னை உயரப் பிழை: அகத்தியர்மலையின் காற்றழுத்தமானியும் சறுக்கு விமானமும்

இயந்திரமற்ற சறுக்கு விமானத்தின் ஓட்டிக்கு உயரமே எரிபொருள். 1 மீட்டர் உயரத்தை இழந்து 30 மீட்டர் தூரம் முன்னேறும் விமானத்தில், தன் உயரத்தை 25 மீட்டர் கூடுதலாக எண்ணிவிட்டவர் தளத்துக்கு 750 மீட்டர் முன்னதாகவே தரையைத் தொடுவார். மீண்டும் மேலெழ வழியில்லை. எட்டும் தொலைவில் உள்ள வயலே அவருக்குத் தளம். இதை ஓட்டியின் கவனக்குறைவு என்று மட்டும் கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் பிழையின் ஒரு பங்கு கருவியின் இயல்பிலேயே உள்ளது. அந்த இயல்பை உணர்த்தும் வரலாறு ஒன்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அப்பால் எழும் அகத்தியர்மலையில் நிகழ்ந்தது.

உயரமானி உயரத்தை அளப்பதில்லை. தனக்கு மேலுள்ள காற்றின் எடையை அளக்கிறது. டாரிசெல்லி 1643இல் கண்ட பாதரசக் குழாயை, 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பிரான்சின் பியூ தெ தோம் மலைக்குக் கொண்டு சென்றபோது, மேலே செல்லச் செல்லப் பாதரசம் இறங்கியது. அன்று முதல் காற்றழுத்தம் உயரத்தின் அளவுகோலாயிற்று.

திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், காந்தப்புலமும் வளிமண்டலமும் உயரத்தோடு எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய, 1850களின் நடுவில் அகத்தியர்மலை உச்சியில் இரண்டாவது ஆய்வகத்தை அமைத்தார். கருவிகளைக் காட்டு வழியே மேலேற்ற வேண்டியிருந்தது. காற்றும் மழையும் கட்டடத்தை விட்டுவைக்கவில்லை. ஆயினும், வடக்கு தாழ்ந்தபோது உலகைச் சமன்செய்யத் தெற்கே வந்ததாகத் தமிழ் மரபு போற்றும் முனிவரின் மலையில், காற்றின் எடை மணிக்கணக்கில் குறிக்கப்பட்டது. இரு இடங்களின் காந்த அளவீடுகளைத் தாங்கிய பிரவுனின் நூல் 1874இல் லண்டனில் வெளியாயிற்று.

இவ்வாறு ஓரிடத்தில் நின்று நாள்தோறும் குறிப்பெடுப்போர் வெப்பமண்டலத்தில் தவறாது காண்பது ஒன்றுண்டு. புயல் இல்லாத நாளிலும் காற்றழுத்தம் கடல் ஓதம் போல் இருமுறை ஏறி இறங்கும்: காலை, இரவு 10 மணியளவில் உச்சம்; மாலை, அதிகாலை 4 மணியளவில் தாழ்வு. தென் அமெரிக்க வெப்பமண்டலத்தில் இந்த ஒழுங்கைக் கண்ட ஹம்போல்ட், கடிகாரமின்றியே நேரம் கூறலாம் என்று வியந்தார்.

இவ்வசைவு காலைக்கும் மாலைக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிபார். கடல்மட்டத்தருகே 1 மில்லிபார் ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஆகவே காலை 10 மணிக்குச் சுழியத்தில் வைக்கப்பட்ட உயரமானி, மாலை 4 மணிக்கு அதே தரையில் ஏறத்தாழ 25 மீட்டர் காட்டும். அது ஒரு நெட்டைத் தென்னையின் உயரம்.

பால் கோல்ஸ்மன் 1928இல் உருவாக்கிய நுட்பமான உயரமானியில் அன்றைய அழுத்தத்தைத் திருத்திக்கொள்ள வசதி இருந்தது. எனினும், தகவல் கிடைக்காவிடில் பழைய எண்ணே முகப்பில் நிற்கும். கீழுள்ள நிலம் உயர்வதையும் அது அறியாது. இதனாலேயே அறிமுகமற்ற வயலில் இறங்குவோர் எண்ணை நம்பாமல், வயல் தெரியும் கோணத்தைக் கண்ணால் அளக்கப் பயிற்றப்படுகின்றனர்.

1983 ஜூலை 23 அன்று பவுண்டு, கிலோகிராம் குழப்பத்தால் நடுவானில் எரிபொருள் தீர்ந்த ஏர் கனடா 143 இரண்டுக்கும் உரிய இடத்தைக் காட்டியது. உயர இழப்பைக் கணக்கிட்ட துணை விமானி, வின்னிபெக்கை எட்ட இயலாது என்று கண்டார். கிம்லியின் கைவிடப்பட்ட தளத்தை நெருங்கியபோது விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் இருந்தது. சறுக்கு விமானப் பயிற்சி பெற்ற தலைமை விமானி பாப் பியர்சன், விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து இறக்கினார். எவரும் இறக்கவில்லை.

எல்லைக் கிராமங்களின் நிலத்தில் இப்பிழைக்கு இடமே இல்லை. கடற்கரையிலிருந்து கிழக்கே செல்லச் செல்லச் செம்மண் குன்றுகள் எழுகின்றன. அவற்றில் ரப்பரும் தென்னையும் நெருங்கி நிற்கின்றன. சமதரை என்பது குன்றுகளுக்கிடையே ஒடுங்கிய ஏலாக்கள் மட்டுமே. அங்கு 25 மீட்டர் என்பது வயலில் இறங்குவதற்கும் மர உச்சியில் மோதுவதற்கும் உள்ள இடைவெளி. அளவீட்டின் வரலாறு எண்களின் வெற்றியை மட்டும் சொல்வதில்லை. எந்த எண்ணை எப்போது, எந்த நிலத்தின் மேல் நம்பலாம் என்பதையும் அது சொல்ல வேண்டும்.