நடுப்புள்ளியின் ஆட்சி: குவியப் பூட்டின் சுருக்கமான வரலாறு

ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பூட்டி, பின்பு படக்கருவியைச் சற்றே திருப்பிச் சட்டகத்தை அமைப்பது டிஜிட்டல் ஒளிப்படக் கலையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. ஆயினும் இவ்வழக்கம் டிஜிட்டல் காலத்தில் பிறந்ததன்று. தன்னியக்கக் குவியத்துக்கும் மூத்தது. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கருவியில் தொலைவுமானியும் காட்சிச் சட்டகமும் ஒரே சாளரத்தில் இணைந்தன. இரட்டை உருவங்கள் ஒன்றாய்ப் பொருந்தும் சிறு கட்டம் அதன் நடுவில் மட்டுமே இருந்தது. ஓரத்தில் நிற்பவரையும் முதலில் நடுவில் வைத்தே அளக்க வேண்டியிருந்தது.

தன்னியக்கக் குவியம் இந்த நடுப்புள்ளியை அப்படியே சுவீகரித்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் தன்னியக்கக் குவியக் கருவி 1977ஆம் ஆண்டின் கோனிகா சி35 ஏஎஃப். 1985இல் வந்த மினோல்ட்டா 7000, குவிய மோட்டாரை உடற்பகுதியிலேயே கொண்டு எஸ்.எல்.ஆர். உலகை மாற்றியது. இரண்டிலும் அளவிடும் பகுதி நடுவில்தான். அருகருகே இருவர் நின்றால், அவர்களுக்கு இடைப்பட்ட சுவரையே அத்தகைய உணரி நோக்கும். பாதி அழுத்திப் பூட்டும் வசதி இக்குறைக்கான மாற்று.

அம்மாற்றுக்கும் ஒரு விலை உண்டு. கூர்மை ஒரு தளத்தில் அமைகிறது. கருவி திரும்பினால் தளமும் உடன் திரும்புகிறது. 2 மீட்டர் தொலைவிலுள்ள கண்ணில் பூட்டி 20 பாகை திருப்பினால், கூர்மைத் தளம் கண்ணுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. பின்னே சென்றுவிடும். முழுச்சட்டகக் கருவியில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.4இல் திறந்திருந்தால், புல ஆழம் பின்புறமும் முன்புறமும் 7 செ.மீ. அளவே. கண் மங்கும், அதன் பின்னுள்ள காதோ கூந்தலோ தெளியும். எஃப்/8இல் இப்பிழை புலப்படாது.

ஆகவே உற்பத்தியாளர்கள் புள்ளிகளைப் பெருக்கினர். 1996இல் நிக்கான் எஃப்5 ஐந்து புள்ளிகளையும், 1998இல் கேனான் இஓஎஸ் 3 நாற்பத்தைந்தையும் கொண்டிருந்தன. ஹாசல்பிளாட் எச்4டி வேறு வழி கண்டது: கருவி திரும்பிய கோணத்தை உணர்ந்து குவியத்தைத் தானே திருத்தியது. இன்றைய ஆடியில்லாக் கருவிகள் சட்டகத்தின் எம்மூலையிலும் கண்ணைக் கண்டறிகின்றன.

ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. ஒரு காலகட்டப் படங்களில் மனிதர் நடுவிலேயே நிற்பது எடுத்தவரின் ரசனையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கருவியின் கட்டாயமாகவும் இருக்கலாம். தெளிந்த காதும் மங்கிய கண்ணும் கவனக்குறைவின் அடையாளமாக மட்டுமன்றி, பூட்டித் திருப்பிய கையின் தடமாகவும் இருக்கலாம். பழைய முறையில், எது முக்கியம் என்பதை எடுப்பவர் முதலில் தீர்மானித்தார். அதன் பின்னரே சட்டகம். பல முகங்களுள் ஒன்றைக் கருவியே தெரிந்தெடுக்கும் இக்காலத்தில், கூர்மையாய்த் தெரிவதெல்லாம் எடுத்தவரின் தேர்வு என்று கொள்ள இயலாது. நாளைய ஆவணக் காப்பகங்களில் படத்தோடு கருவியின் பெயரும் குவிய முறையும் பதிவாக வேண்டியதன் தேவை இங்குதான் எழுகிறது.