மூடாத அடைப்புக்குறியும் மாறிப்போன வாயும்

முதலில் ஒரு திருத்தம். சில மாதங்களுக்கு முன் இங்கே எழுதிய குறிப்பு ஒன்றில், சிவஞான முனிவரின் கருத்து என்று ஒன்றைச் சொல்லியிருந்தேன். அது அவர் கருத்தே இல்லை. மறுப்பதற்காக அவர் எடுத்துக்காட்டிய பிறர் கருத்து. நண்பர் ஒருவர் அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போன் பண்ணினார். "என்ன சார், முனிவர் அடிக்கறதுக்காக எடுத்ததை அவர் வாயிலேயே போட்டுட்டீங்களே?" என்றார். எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

தப்பு எங்கே நடந்தது என்று தேடிப் போனதில் ஒரு சின்ன வரலாறு கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம்.

சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டு, திருவாவடுதுறை ஆதீனம். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் அவர் எழுதிய விருத்தியுரை படிக்கப் படிக்க வாதம்தான். முந்தைய உரைகாரர் சொன்னதை எடுத்து வைப்பார், பிறகு மறுப்பார். அந்த உரைகாரரோ தன் பங்குக்கு ஒரு பாட்டை மேற்கோள் காட்டியிருப்பார். ஆக, உரைக்குள் மேற்கோள், மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள். விக்கிரமாதித்தன் கதையில் பதுமை சொல்லும் கதைக்குள் வேதாளம் வந்து தன் கதையைச் சொல்லுமே, அதே மாதிரி.

நான் செய்தது இதுதான். இப்படிப்பட்ட உரைப்பகுதிகளைத் தட்டச்சு செய்து, யார் பேசுகிறார் என்று குறி போட்டு வைத்தேன். [உரை] என்று திறந்தால் [/உரை] என்று மூட வேண்டும். [மேற்கோள்] என்று திறந்தால் [/மேற்கோள்]. மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் உள்ளேயும் அதே குறி. பிறகு மேற்கோள்களை மட்டும் பிரித்தெடுக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினேன். நாங்கள் ரெஜெக்ஸ் என்போம். "[மேற்கோள்] என்று பார்த்தால் அங்கிருந்து அடுத்த [/மேற்கோள்] வரை எடு" என்பதுதான் அதன் சாரம். இருபது வருஷமாக இதைத்தான் சோறு போடும் வேலையாகச் செய்கிறேன், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

வந்தது. வெளி மேற்கோள் திறந்தது, உள் மேற்கோள் திறந்தது, உள் மேற்கோள் மூடியது. என் ரெஜெக்ஸ் அந்த முதல் மூடலைப் பார்த்ததுமே வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. மிச்சமிருந்த வெளி மேற்கோள், அதாவது எதிராளியின் வாதத்தின் பின்பாதி, முனிவர் தானே சொன்னதாகக் கணக்கில் ஏறிவிட்டது. சரி, "கடைசி [/மேற்கோள்] வரை எடு" என்று மாற்றினால்? அப்போது முதல் மேற்கோளுக்கும் கடைசி மேற்கோளுக்கும் இடையில் முனிவர் எழுதியது எல்லாம் எதிராளி கணக்கில் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் வாய் மாறிவிடுகிறது.

இது என் அவசரத்தால் மட்டும் வந்த பிழை இல்லை. ரெஜெக்ஸின் எல்லையே அதுதான். 1951இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி இந்த வகைக் கோவைகளை வரையறுத்தார். கட்டுரை 1956இல் அச்சில் வந்தது. இவற்றை அடையாளம் காணும் எந்திரத்துக்கு எண்ணி முடிக்கக்கூடிய சில நிலைகள்தான் உண்டு, வேறு நினைவு கிடையாது. அதே 1956இல் நோம் சோம்ஸ்கி ஒரு கட்டுரையில், ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழமும் போகக்கூடிய அமைப்பை இப்படிப்பட்ட எந்திரத்தால் கையாள முடியாது என்று காட்டினார். மூன்று நிலை ஆழம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம். நாலாவது வந்தால் விழும். இன்றைய ரெஜெக்ஸ் கருவிகள் சிலவற்றில் தன்னையே அழைக்கும் வசதி சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அது கிளீனியின் வரையறையைத் தாண்டிய ஒட்டுவேலை. பிஎச்பி மார்க்டவுன் நிரலில் சதுர அடைப்புக்குறிகளின் ஆழம் 6 என்று ஒரு மாறியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நம்மைப் போல அவர்களும் பட்டிருக்கிறார்கள்!

அப்படியானால் எது வேண்டும்? எது எது இன்னும் மூடாமல் திறந்து கிடக்கிறது என்ற நினைவு வேண்டும். அதிலும் கடைசியாகத் திறந்ததுதான் முதலில் மூட வேண்டும். கல்யாண மண்டபத்தில் கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டு போல, கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும். இதற்குத்தான் ஸ்டாக் என்று பெயர். அடுக்கு என்றே சொல்லலாம்.

ஆலன் டூரிங் 1946இல் தன் ஏஸ் கணினிக்கான அறிக்கையிலேயே இதைத் தொட்டிருக்கிறார். ஒரு துணை நிரலுக்குள் போகும்போது திரும்பி வர வேண்டிய இடத்தைப் 'புதைப்பது', வேலை முடிந்ததும் 'தோண்டி எடுப்பது' என்று பெயர் வைத்தார். அடைப்புக்குறிகள் நிறைந்த கணிதச் சமன்பாட்டை இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் படித்துக் கணக்கிட இதைப் பயன்படுத்தியவர்கள் ஜெர்மனியின் பிரீட்ரிக் பவர், கிளாவுஸ் சாமெல்சன் இருவரும். 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கெல்லர்', நிலவறை. உடனே தீர்க்க முடியாததை நிலவறையில் இறக்கி வை, அதற்கான நேரம் வந்ததும் மேலே கொண்டு வா. 1960இல் வந்த ஆல்கால் மொழியில், நிரலையே தொடக்கம், முடிவு என்று கட்டம் கட்டி ஒன்றுக்குள் ஒன்றாக எழுதலாம் என்று ஆனது. அடைப்புக்குறி கணக்கை விட்டு வெளியே வந்தது.

சாதாரண எழுத்துக்கு இது வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. 1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் நிரலில் குறிகள் எல்லாம் கட்டளைகள்தான்: இங்கே ஒரு வரி விடு, இங்கே நடுவில் போடு. 'இது மேற்கோள்' என்று சொல்ல வழியில்லை. 1969இல் ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கான ஒரு திட்டத்தில் இருந்தார்கள். கோல்ட்ஃபார்பே சட்டம் படித்தவர். ஆவணத்தைத் திருத்தும் நிரல் ஒன்று, தேடும் நிரல் ஒன்று, பக்கம் கட்டும் நிரல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு குறி. மூன்றுக்கும் பொதுவாக, எப்படித் தெரிய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, இது என்ன என்று மட்டும் சொல்லும் குறிகளை உருவாக்கினார்கள். அதுதான் ஜிஎம்எல். பெயரில் மூவரின் முதலெழுத்தும் ஒளிந்திருக்கிறது.

அது வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற ஐஎஸ்ஓ தரமானது. அதில் ஒரு சலுகை உண்டு: இலக்கணம் அனுமதித்தால் மூடும் குறியை எழுதாமல் விடலாம், நிரல் ஊகித்துக்கொள்ளும். அந்தத் தாராளம் எச்டிஎம்எல்லுக்கும் வந்தது. குறிகளை முன்பின்னாக மூடினாலும் பிரவுசர் கோபித்துக்கொள்ளாது. தானே ஏதோ ஒன்றை முடிவு செய்து பக்கத்தைக் காட்டிவிடும். 1998 பிப்ரவரியில் வந்த எக்ஸ்எம்எல் இதற்கு நேர் எதிர். ஒரு குறி சரியாக மூடவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும், ஊகிக்கவே கூடாது. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் தலைமுறை இதைத் திட்டாத நாளில்லை. இப்போதுதான் அதன் அருமை புரிகிறது. கடைப் பக்கத்தில் ஒரு தடித்த எழுத்து தள்ளிப் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உரைநூலில் ஊகித்தால் ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் விழும்.

இங்கே தமிழில் ஒரு வேடிக்கை. நம் உரைநடையில் மேற்கோள் தொடங்கும் இடத்துக்குத் தனிச்சொல் வேண்டியதில்லை. முடியும் இடத்தில் 'என', 'என்று', 'என்பது' வந்துவிடும். மூடும் குறி உண்டு, திறக்கும் குறி கிடையாது! 'என' வந்த பிறகுதான் இதுவரை படித்தது வேறொருவர் பேச்சு என்றே தெரியும், எங்கே தொடங்கியது என்று பின்னால் போய்த் தேட வேண்டும். ஓலைச்சுவடியிலோ மேற்கோள் குறி, பத்திப் பிரிப்பு எதுவும் இல்லை, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சா., மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பிரிக்கவே பட்ட பாட்டை என் சரித்திரத்தில் சொல்லியிருக்கிறார். பெயர் சொல்லாமல் போகிற போக்கில் காட்டப்பட்ட மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடியலைந்ததும் அதில் உண்டு. நான் கணினியை வைத்துக்கொண்டு தடுமாறியதை அவர் நினைவாலும் வாசிப்பாலும் செய்தார். நாம் இன்று சாதாரணமாகப் படிக்கும் ஒவ்வொரு பத்திப் பிரிப்பும் ஒரு பதிப்பாசிரியர் எடுத்த முடிவு.

அடுக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடுமா? இல்லை. 1990இல் ஸ்டீவன் டிரோஸ், ஆலன் ரெனியர் உள்ளிட்ட நால்வர், எழுத்து என்பதே ஒன்றுக்குள் ஒன்றாக வரிசைப்பட்ட பகுதிகள்தான் என்று வாதிட்டார்கள். சில வருஷத்திலேயே அவர்களில் சிலர் அதைத் தளர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததே: செய்யுளில் வாக்கியம் ஓர் அடியின் நடுவில் தொடங்கி அடுத்த அடியின் நடுவில் முடியும். அடி ஒரு பகுதி, வாக்கியம் ஒரு பகுதி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் குறுக்கே வெட்டிக்கொள்ளும். இலக்கிய நூல்களுக்குக் குறியிட 1987இல் தொடங்கிய டிஇஐ அமைப்பு இதற்குக் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று மைல்கல். பக்கம் இங்கே மாறுகிறது, வரி இங்கே மாறுகிறது என்று ஒரு கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போவது. அது திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை.

நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் நிரனிறையை இந்தக் கண்ணோடு பார்த்தால் சுவாரசியம். நிரனிறை இரண்டு வகை, முறை நிரனிறை, எதிர் நிரனிறை. "கண்ணும் காதும் மூக்கும், முகர்ந்தன கேட்டன கண்டன" என்று நானாக ஒன்று சொல்கிறேன். இது எதிர், கடைசியாக வந்த மூக்குக்கு முதல் வினை. அடுக்கு இதை அப்படியே தீர்க்கும். "கண்டன கேட்டன முகர்ந்தன" என்றால் முறை. இங்கே அடுக்கு உதவாது, ரேஷன் கடை வரிசைதான் வேண்டும், முதலில் வந்தவருக்கு முதலில். ஜெர்மன் துணைவாக்கியங்களில் பெயர்களுக்கு வினைகள் எதிர்முறையில் வந்து சேரும், சுவிஸ் ஜெர்மனில் நேர்முறையில். அந்த நேர்முறையை வைத்துத்தான் 1985இல் ஸ்டூவர்ட் ஷீபர், அடுக்கு மட்டும் உள்ள எந்திரத்தால் எல்லா மனித மொழிகளையும் அளந்துவிட முடியாது என்று காட்டினார். நன்னூலார் எந்திரத்தைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். ஆனால் முறை வேறு, எதிர் வேறு என்று பிரித்துப் பெயர் வைத்துவிட்டார்.

என் கோப்புக்கு வருகிறேன். ரெஜெக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு விதி எழுதினேன். திறக்கும் குறி வந்தால் அதன் பெயரையும் பேசுபவர் யார் என்பதையும் வரி எண்ணையும் அடுக்கில் வை. மூடும் குறி வந்தால் மேலே இருப்பதோடு ஒப்பிடு. ஒத்தால் எடு, ஒக்காவிட்டால் வரி எண்ணைச் சொல்லிவிட்டு நில். வெறும் எழுத்து வந்தால் அது அடுக்கின் உச்சியில் இருப்பவருக்குச் சொந்தம். கோப்பு முடியும்போது அடுக்கு காலியாக இருக்க வேண்டும். பக்க எண்ணும் அடி எண்ணும் மைல்கல் மட்டும்.

ஓட விட்டதும் முதல் சில பக்கங்களிலேயே நின்றது. பார்த்தால் நான் தட்டச்சில் விட்ட ஒரு மூடல். திருத்தினேன், மறுபடி நின்றது. இப்படி ஒவ்வொரு இடமாகப் புத்தகத்தைத் திறந்து பார்த்துத் திருத்தியதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. பெரும்பாலானவை என் பிழைகள். சில இடங்களில் பிறர் கூற்று எங்கே தொடங்குகிறது என்பதை அச்சும் சொல்லவில்லை, எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கெல்லாம் [ஐயம்] என்று ஒரு புதிய குறி போட்டிருக்கிறேன்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. தவறான பத்தியை அப்படியே வைத்து, அதன் மேலே திருத்தம் சேர்த்திருக்கிறேன். யாராவது அதை ஏற்கெனவே எடுத்தாண்டிருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கருத்து முனிவருடையது அல்ல.