ஏர்வாடிக்கு வந்த தாய்மார்கள்

சேதுச் சீமையாகிய இராமநாதபுரம் வட்டாரத்தில் இராமேசுவரத்துக்கு அடுத்தபடியாக வெளியூர் ஜனங்களை வரவழைத்த புண்ணிய ஸ்தலம் எதுவெனக் கேட்டால், கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி தர்காவையே சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து வந்து இம்மண்ணில் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் சுல்தான் செய்யிது இபுறாகீம் ஷஹீது அவர்களின் அடக்கஸ்தலம் அது. பிள்ளை வரம் வேண்டிப் பெற்ற சேதுபதி மன்னர் ஒருவர் இதற்கு நிலமானியம் அளித்தார் என்பது ஐதிகம். மன்னர் பிள்ளைக்காகப் பிரார்த்தித்த அதே வாயிலுக்கு, பெற்ற பிள்ளையை எப்படி வைத்துக் காப்பதென்று அறியாத ஏழைத் தாய்மார்களும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தார்கள்.

இரவெல்லாம் அலறுவதும், கைக்கு அகப்பட்டதை உடைப்பதும், தன் கையைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுமாயிருக்கும் ஒரு குழந்தையைப் பெற்றவளுக்கு, குழந்தையின் உபத்திரவத்தைக் காட்டிலும், வளர்த்த லட்சணம் இதுதானா என்று கேட்கும் சுற்றத்தாரின் வாய்தான் பெருந்துன்பம். ஏர்வாடியில் அக்கேள்வி எழுவதில்லை. ஏனெனில் இந்துவாயினும் முஸ்லிமாயினும் கிறிஸ்தவராயினும், பக்கத்துக் கொட்டகையில் தங்கியிருப்பவளும் அதே துயரத்தோடு வந்தவளே. தர்கா விளக்கின் எண்ணெயைத் தடவி, தீர்த்தத்தைப் பருகக் கொடுத்து, வீடு திரும்பலாமென்று கனவில் ‘உத்தரவு’ கிடைக்கும்வரை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் பிள்ளையோடு கூடவே இருப்பது அங்குள்ள வழக்கம். அவ்வெண்ணெய் நோயைத் தீர்த்ததாக நான் நம்பவில்லை. ஆனால் பழி சொல்லாத மனிதரிடையே சில நாள் வாழக் கிடைத்ததை அற்பமான உதவியென்று தள்ளவும் என் மனம் ஒப்பவில்லை.

அன்றாடக் கூலியை விட்டு மாதக்கணக்கில் தங்க எல்லாராலும் இயலுமா? இயலாத குடும்பத்தார், பணம் கட்டி நோயாளியைத் தனியார் காப்பகங்களில் விட்டுச் சென்றார்கள். உறவினர் இருந்த இடத்தைச் சங்கிலி எடுத்துக்கொண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, கட்டுண்டு கிடந்த காரணத்தால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது, அக்காப்பகங்கள் மூடப்பட்டன, 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாதென விதித்தது. தர்காவின் அருகிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கவும் அரசு வழிசெய்தது.

சங்கிலியை விலக்கிய சட்டம், அதற்குப் பதிலாகத் தாயின் கையில் என்ன கொடுத்தது என்பதே என் கவலை. 1957இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியுடன் உறவினரும் தங்குவதே சிகிச்சையின் முறையாயிற்று. அதன் பகுதியான நம்பிக்கை நிலையத்தில் இன்றும் பெற்றோர் குழந்தையோடு தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். குழந்தை அலறுமுன் என்ன நடந்தது, அலறியபின் அதற்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுமையாகக் கவனித்து, பசியையோ வலியையோ அது வேறு விதமாகத் தெரிவிக்கப் பழக்கும் வித்தை, பள்ளிக்கூடமே அறியாத தாய்க்கும் கற்றுக்கொடுக்கக் கூடியதே.

ஆயினும் இராமநாதபுரத்திலிருந்து பாகாயம் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பாம்பனிலோ தொண்டியிலோ மீன் விற்றுப் பிழைப்பவள் அங்கே போய்த் தங்குவதெனில், வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறாக்குவது? அவ்வித்தை கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் வர வேண்டும். கற்கும் நாட்களுக்குரிய கூலியும் அவள் கையில் சேர வேண்டும்.