தலைநகர்ச் சிறாரும் தாயக வரலாறும்

சங்க ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது யாம் முதலில் மறுத்தோம். யாம் புலவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிப்போம். கல்வெட்டுப் படிக்கவும் அறியோம். ஆயினும், அண்மையில் எம் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று எம்மைச் சில நூல்களைப் புரட்டுமாறு செய்தது. அதனை இக்குடியிருப்பிலுள்ள தமிழ்ப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் தகும் என்று தோன்றியமையின் எழுதத் துணிந்தோம்.

எம் இளைய மகள் ஏழாம் வகுப்பில் பயில்கின்றாள். ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் பிறிதொரு மாநிலத்தின் வரலாறு, நிலவியல், பண்பாடு ஆகியவற்றைக் கற்கவேண்டும் என்னும் கருத்துடன் 2015-ஆம் ஆண்டில் நடுவணரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. மாநிலங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பெற்றன. தமிழ்நாட்டுக்கு இணையாய் வாய்த்தது காசுமீரம், தில்லிக்குச் சிக்கிம். எனவே எம் மகள் ஒரு திங்கள் முழுவதும் சிக்கிமின் படம் வரைந்தாள். கஞ்சன்சங்கா மலைக்கு வெள்ளை வண்ணம் தீட்டினாள். 1975-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சிக்கிம் இந்திய ஒன்றியத்தின் 22-ஆவது மாநிலமாயிற்று என மனப்பாடம் செய்தாள். நல்ல முயற்சியே, குறைகூற யாதுமில்லை. பின்னர் ஒருநாள் ஆசிரியை, ஒவ்வொருவரும் தத்தம் சொந்த மாநிலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுக என்று பணித்தாராம். அன்று மாலை மகள் எம்மிடம் வந்து, "அப்பா, நம் மாநிலம் எப்பொழுது பிறந்தது?" என்று வினவினாள்.

"ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே!" என்றோம் பெருமிதத்துடன்.

"அது மொழி அப்பா. நான் கேட்பது மாநிலத்தை" என்றாள்.

யாம் வாயடைத்து நின்றோம். பள்ளியிற் பயின்ற காலத்தில் வரலாறு என்பது எமக்கு ஆண்டுகளை நெட்டுருப் போட்டுத் தேர்வுத் தாளில் கொட்டிவிட்டு மறப்பதாகவே இருந்தது. மேடைகளில் மூவேந்தர் புகழ் கேட்டுக் கைதட்டியவர்களுள் யாமும் ஒருவர். ஆனால் நாம் வாக்களிக்கும் மாநிலம், நம் இரயில் சென்று நிற்கும் மாநிலம், எவ்வாறு அமைந்தது என்பதை ஒரு குழந்தைக்குச் சொல்லும் அளவுக்குக் கூட எமக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வார ஞாயிறு முழுவதும் நூல்களோடு கழிந்தது.

அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். பழைய சென்னை மாகாணத்தில் தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் அனைவரும் நம்முடன் வாழ்ந்தனர். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மலபாரும் தென்கன்னடமும் அகன்றன. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நம்மோடு சேர்ந்தன. அந்நான்கு வட்டங்களே இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அவை எளிதிற் கிட்டவில்லை. நேசமணி முதலியோர் தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் காவலர் துப்பாக்கிக்குப் பலர் இரையாயினர். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடன் நின்றுவிட்டன. வடக்கே ம.பொ.சி. முதலியோர் முயற்சியால் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் வந்து சேர்ந்தது. நிலப்படத்திலுள்ள கோடு ஒவ்வொன்றும் யாரோ பட்ட பாட்டின் தடம் என்பதனை நாற்பது வயதிற்குமேல் அறிந்தோம்.

நிற்க. எல்லை அமைந்தபின்னும் பெயர் அமையவில்லை. 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டி விருதுநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்ட சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-ஆம் நாள் உயிர்நீத்தார். பின்னர் நிகழ்ந்தது தில்லிவாழ் தமிழராகிய நமக்குச் சிறப்பாக உரியது. பெயர் மாற்றக் கோரி நாடாளுமன்ற மேலவையில் 1961-இல் தனி உறுப்பினர் மசோதாக் கொணர்ந்தவர் தமிழரல்லர். வங்காளத்துப் பூபேஷ் குப்தா. 1963-இல் அம்மசோதாவை ஆதரித்து அவ்வவையிலேயே அறிஞர் அண்ணா பேசினார். மசோதாத் தோற்றது. ஆயினும் 1967 சூலை 18-ஆம் நாள் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, 1968-இல் நாடாளுமன்றம் சட்டமியற்ற, 1969 சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, நம் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர்பூண்டது. அவ்வழக்கு நடந்த நாடாளுமன்றக் கட்டடம் நம் சரோஜினி நகரிலிருந்து பேருந்தில் சிறிது தொலைவே. அதன் வழியாக நாள்தோறும் அலுவலகம் சென்றுவந்த யாம் இதனை அறியாதிருந்தோம்!

பள்ளிப் பாடநூல்களில் தெற்கு இல்லையென்று நம்மவர் குறைப்படுவதுண்டு. அக்குறை பழையது. இந்திய வரலாற்றைக் கங்கைச் சமவெளியிலிருந்து தொடங்காது காவிரி, வைகைக் கரைகளிலிருந்து தொடங்குதலே முறை என்று மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளை (1855-1897) கருதினார். அக்கருத்தினை வின்சென்ட் சுமித்தும் தம் வரலாற்று நூலில் எடுத்துக்காட்டினார், பின்பற்றினாரில்லை. ஆனால் நேர்மையாகப் பார்த்தால் முற்றிலும் இல்லையென்று கூறுதல் பிழை. 2007-இல் வெளிவந்து, 2025-இல் புதுநூல் வரும்வரை வழங்கிய ஏழாம் வகுப்பு நடுவணரசு வரலாற்று நூலில் சோழர்க்கென்றே பெரும்பகுதி ஒதுக்கப்பெற்றிருந்தது. தஞ்சைப் பெரியகோயிலும் உத்தரமேரூர்க் கல்வெட்டும் அதிலிருந்தன. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள், முப்பது குடும்பினின்றும் குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்னும் விதியும் அதிலுண்டு. (எம் அலுவலகத் தணிக்கையாளர் இதைக் கேட்டு மிக மகிழ்ந்தார்.) எம் மூத்த மகன் அந்நூலையே படித்தான். படித்தானா என்று யாம் கேட்கவில்லை. குறை நூலின்பாற்பட்டதன்று.

வேறொரு குறை உண்டு. வடபுலத்து வரலாறு ஓரிடம், தென்புலத்து வரலாறு ஓரிடம் என இரண்டு அறைகளில் பூட்டிவைத்தாற்போல் பிள்ளைகள் கற்கின்றனர். ஒரு சான்று காட்டுவோம். கிரீன் பார்க்கிற்கு அப்பாலுள்ள ஹௌஸ் காஸ் ஏரிக்கு நம் குடியிருப்புப் பிள்ளைகள் செல்லாத விடுமுறையில்லை. அதனை வெட்டுவித்தவர் அலாவுதீன் கில்ஜி. அவருடைய படைத்தலைவரான மாலிக் காபூர் தில்லியிலிருந்து புறப்பட்டு 1311-இல் மதுரையை அடைந்தார். பாண்டியன் குலசேகரன் மாண்டபின் அவன் மைந்தர் சுந்தரனும் வீரனும் அரியணைக்குப் போரிட்டுக்கொண்டிருந்த வேளை அது. கவர்ந்த யானைகளே ஐந்நூற்றுக்கு மேற்பட்டன என்று அப்படையெடுப்பைப் பாரசீகத்தில் எழுதிவைத்த புலவர் அமீர் குஸ்ரு. அவர் கல்லறை எங்குளது? தமிழகம் செல்லும் வண்டிகள் பல நின்று செல்லும் நிஜாமுதீன் நிலையத்துக்கு அண்மையில், தர்காவினுள். அதற்குப் பின்னர் மதுரையில் தனிச் சுல்தான் ஆட்சியொன்று எழுந்து நாற்பதாண்டளவு நின்று விசயநகரக் குமார கம்பணனால் வீழ்ந்தது. அவ்வாட்சியை நேரிற் கண்டெழுதிய இபன் பதூதா, அதற்குமுன் தில்லியில் காசியாராக இருந்தவர்.

தில்லியில் இருந்துகொண்டே மதுரையின் வரலாற்றில் ஓர் இயலைக் கால்நடையாகச் சென்று காட்டலாம். மகளை அழைத்துச் சென்று காட்டினோம். "நம்மைக் கொள்ளையிட்டவர் ஏரியிலா நான் வாத்துக்குப் பொரி போட்டேன்?" என்று கேட்டாள். ஆம் என்றோம். உடன்பிறந்தோர் சண்டையையும் மறவாமற் சொன்னோம். சனபத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துச் சோழர் செப்புத் திருமேனிகளையும் அவ்வாறே காட்டினோம். கீழடியைப் பற்றி அவளே கேள்வியுற்றிருந்தாள். 2014-15-இல் நடுவண் தொல்லியல் துறை அங்கு அகழத் தொடங்கியது, 2017-18 முதல் மாநிலத் துறை தொடர்ந்தது, தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன என்ற அளவே யாம் சேர்த்துக் கூறினோம்.

நிலவியலுக்கு எமக்குத் தெரிந்த ஆசிரியர் கிராண்ட் டிரங்க் விரைவுவண்டியே. 1929 முதல் ஓடுவது அது. சம்பல், நருமதை, கோதாவரி, கிருட்டிணை, வடபெண்ணை என ஆறுகள் ஒவ்வொன்றாய்க் கடக்கும்போது சன்னலோரத்துப் பிள்ளையிடம் பெயர் கூறினால் போதும். நம்மவர் பெரும்பாலும் அவ்வேளையில் கட்டுச்சோறு அவிழ்க்கின்றனர். பிள்ளைகளோ கைப்பேசியைக் கவிழ்ப்பதில்லை.

தலைநகர்த் தமிழர் இவ்வகையில் முன்பே விழித்தவர்கள். 1923-லேயே மதராசிக் கல்விக் கழகம் கண்டவர்கள். அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாய் ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. அவற்றுள் ஒன்று நம் அண்டையிலுள்ள இலட்சுமிபாய் நகரில் இருக்கின்றது. இப்பகுதி வினய் நகர் எனப் பெயர் வழங்கிய காலத்தில் இங்குக் குடிவந்தோர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினர். இன்று பழைய குடியிருப்புகளும் இடிக்கப்பெற்று, 2016-இல் ஒப்புதல் பெற்ற திட்டப்படி மாடமாளிகைகள் எழுகின்றன. 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் எம் மகள் கூறுவது சரோஜினி நகரையே. அவ்வூரின் அடையாளமும் கண்முன்னே மாறுகின்றது.

வகுப்பில் அவள் பேசினாள். 1956 நவம்பர் 1 என்று தொடங்கி, பூபேஷ் குப்தா வரை வந்தபோது ஐந்து நிமிடமும் முடிந்துவிட்டதாம். சோழருக்கு நேரமில்லை. வீடு திரும்பியவள் அடுத்த வினாவைத் தொடுத்தாள்: "அப்பா, தில்லி எப்பொழுது மாநிலமாயிற்று?"

இம்முறை யாம் ஆயத்தமாயிருந்தோம். 1952-இல் தில்லிக்கு ஒரு சட்டமன்றம் இருந்தது. 1956-இல் அது நீங்கித் தில்லி ஒன்றிய ஆட்சிப்பகுதியாயிற்று. 1991-இன் அரசமைப்புத் திருத்தத்திற்குப் பின் 1993-இல் மீண்டும் சட்டமன்றம் அமைந்தது. முழு மாநிலம் என்னும் நிலையோ இன்னும் இல்லை என்றோம்.

"1956-இல் எந்த நாள்?" என்றாள்.

"நவம்பர் 1" என்றோம்.

அவள் தன் குறிப்பேட்டை எடுத்து, தமிழகத்துக்கு எழுதிய அதே வரியின் எதிரில் தில்லியையும் எழுதிக்கொண்டாள்.