நுழைவிசைவு

நுழைவிசைவு (பெயர்ச்சொல்): பிற நாட்டார் குறித்த நோக்கத்துக்காகக் குறித்த காலம் வந்து தங்குவதற்கு ஓர் அரசு வழங்கும் ஒப்புதல். பொருந்துதல், உடன்படுதல் எனப் பொருள்படும் ‘இசை’ என்னும் வினையடியில் பிறந்த ‘இசைவு’ என்பது ‘நுழைவு’ என்பதோடு சேர, இக்கூட்டுச்சொல் அமைந்தது. இந்தியத் தமிழில் ‘விசா’ என்றும் இலங்கைத் தமிழில் ‘வீசா’ என்றும் வழங்கும் கடன்சொல்லோ, ‘பார்க்கப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாகப் பரவியது. ஆவணத்தை அதிகாரி பார்வையிட்டார் என்பதே அதன் முதற்குறிப்பு. கடவுச்சீட்டு வருபவர் யார் என்பதைச் சொல்ல, நுழைவிசைவு அவரை ஏற்கும் நாட்டின் உடன்பாட்டைச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் வெளிநாட்டு அன்பர் தங்கினால், இடமளித்தவர் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இவ்விசைவின் தொடர்ச்சியே.