புது விண்டோஸும் பழைய பெட்டியும்: திருப்பூரில் முப்பது ஆண்டுகள்

புது விண்டோஸ் ஏற்றினால் கேம் திணறும் என்பது, கம்ப்யூட்டர் போன ஊருக்கெல்லாம் கூடவே போன பேச்சு. திருப்பூருக்கும் அது வந்தது. இங்கே அதைப் பேசியவர்கள் இரண்டு வகை. பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடிய பையன்கள் ஒரு வகை. எம்பிராய்டரிக்குப் பஞ்சிங்கும் கட்டிங்குக்கு வெட்டு வரைபடமான மார்க்கரும் போட்டவர்கள் இன்னொரு வகை. ஒருவர் திரையில் துப்பாக்கி சுடுகிறார், மற்றவர் டி-ஷர்ட்டின் நெஞ்சில் வரும் லோகோவுக்குத் தையல் எண்ணுகிறார். இருவரின் பெட்டியும் ஒரே ரகம், பயமும் ஒரே ரகம். 1995 முதல் 2025 வரை வந்த விண்டோஸ்களை வரிசையாகப் பார்த்தால், அந்தப் பயம் எப்போது நியாயமானது, எப்போது வீண் என்பது தெரியும். வேகம் குறைந்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளிகள் இருவர்: இயங்குதளத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே நிற்கும் டிரைவர், பற்றாத ராம்.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வந்த பிறகுதான் வெள்ளை பனியன் ஊர் ஏற்றுமதி ஊராக மாறத் தொடங்கியது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. அந்தக் காலத்து அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரை, எம்எஸ்-டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அடித்து முடித்த பெட்டியிலேயே டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் ஓடும். டாஸில் இயங்குதளம் விளையாட்டை மெதுவாக்கியது என்று சொல்லவே இடமில்லை. விளையாட்டு தொடங்கியதும் டாஸ் ஒதுங்கிக்கொள்ளும். புரொசசர், திரை, சவுண்ட் கார்டு எல்லாமே விளையாட்டின் நேரடிப் பிடியில். தொல்லை வேறு வடிவில் வந்தது. முதல் 640 கேபி நினைவகத்துக்குள் விளையாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் CONFIG.SYS, AUTOEXEC.BAT கோப்புகளைத் திருத்தி, மவுஸ் டிரைவரைக்கூட வெளியேற்ற வேண்டியிருந்தது.

விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்ட் 24 அன்று. விளையாட்டு உருவாக்குகிறவர்கள் அதை நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1994 கிறிஸ்துமஸுக்கு டிஸ்னி வெளியிட்ட லயன் கிங் விளையாட்டு, மைக்ரோசாப்டின் விங்-ஜி என்ற கிராபிக்ஸ் முறையில் எழுதப்பட்டது. காம்பேக் பிரசாரியோ கம்ப்யூட்டர்களில் அதன் டிரைவரோடு மோதி, பரிசு பிரித்த குழந்தைகளுக்கு நீலத்திரைதான் கிடைத்தது. அந்த அவமானத்துக்குப் பின் அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் மூவரும் உருவாக்கியதுதான் டைரக்ட்எக்ஸ். விளையாட்டு வன்பொருளைக் கிட்டத்தட்ட நேரடியாகத் தொட விண்டோஸ் வழிவிடும் ஏற்பாடு அது. ரோடு ராஷ் போன்ற விளையாட்டுகள் விண்டோஸுக்குள்ளேயே ஓடியது இதனால்தான்.

2001 அக்டோபர் 25-இல் எக்ஸ்பி வந்தது. அதற்கு முன் புழங்கிய விண்டோஸ் 98-க்கு 16 எம்பி ராம் போதும் என்றிருந்தது. எக்ஸ்பி 64 எம்பியைக் குறைந்தபட்சமாகக் கேட்டு, 128 இருந்தால் நல்லது என்றது. 64 எம்பி பெட்டிக்காரர்களுக்கு 98-ஐ விட மனம் வராததில் தவறில்லை. இன்னொரு குறையைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பழைய சிஆர்டி மானிட்டரில், 98-இல் நொடிக்கு 85 முறை புதுப்பித்துக்கொண்டிருந்த திரை, எக்ஸ்பியில் முழுத்திரை விளையாட்டு திறந்ததும் 60-க்கு இறங்கிவிடும். திரை மினுக்கும், கண் எரியும். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் net_graph 3 என்று தட்டினால் வலது கீழ் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை ஓடும். 100 வரை போக வேண்டிய எண், ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க் போட்டிருந்தால் 60-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் குறையைச் சரிசெய்வதற்கென்றே தனியாகச் சின்ன மென்பொருள்கள் புழங்கின. டாஸ் விளையாட்டுகளில் பலவற்றுக்கு எக்ஸ்பியில் சத்தமே வரவில்லை. 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ்தான் அவற்றைக் காப்பாற்றியது.

ஆனாலும் எக்ஸ்பி வென்றது. மணிக்கணக்கில் காசு வாங்கும் பிரவுசிங் சென்டர்காரருக்கு இரண்டு ஃப்ரேம் கூடுவதைவிட, ஆட்டத்தின் நடுவே பெட்டி ஹேங் ஆகாமல் இருப்பது முக்கியம். அந்த வகையில் 98-ஐ எக்ஸ்பியோடு ஒப்பிடவே முடியாது. சனிக்கிழமை வாரச் சம்பளம் பட்டுவாடா ஆகும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாகக் கிடந்தால் யாருக்கு நட்டம்?

கம்பெனிகளுக்கும் எக்ஸ்பி பொருந்திப்போனது. 1999 ஏப்ரலில் மத்திய அரசின் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் தொடங்கி, எந்திரம் வாங்கிய கடனுக்கு வட்டிச் சலுகை கிடைத்தது. 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை முடிந்தது. பல தலை எம்பிராய்டரி எந்திரங்களும், பேட்டர்ன் போடும் கேட் மென்பொருள்களும், மார்க்கர் வரையும் பிளாட்டர்களும் பெருகிய காலம் அது. எந்திரத்துக்கு டிசைன் போன விதத்தைப் பார்த்தால் பின்னால் வந்த சிக்கல் புரியும். பஞ்சிங் செய்பவர் ஒவ்வொரு தையலும் எங்கே குத்த வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்று திரையில் போட்டு, டிஎஸ்டி கோப்பாக ஃபிளாப்பியில் ஏற்றி எந்திரத்தில் செருகுவார். மென்பொருள் திறக்க வேண்டுமானால் பெட்டியின் பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்ற சாவி செருகியிருக்க வேண்டும். டாங்கிளுக்கு ஒரு டிரைவர், பிளாட்டருக்கு ஒரு டிரைவர். இரண்டும் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டவை. விண்டோஸை மாற்றினால் மென்பொருள் திறக்காமலே போகலாம் என்ற நிலையில், வேகம் கூடுமா குறையுமா என்று கேட்பதற்கே அங்கு இடமில்லை.

2007 ஜனவரி 30-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாதான், புது விண்டோஸில் கேம் திணறும் என்ற பேச்சுக்கு உரம் போட்டது. முதல் காரணம் ராம். அன்றைய சாதாரண அசெம்பிள் பெட்டியில் 512 எம்பி. எக்ஸ்பி தனக்கு எடுத்துக்கொண்டது போகப் பாதிக்கு மேல் மிஞ்சும். 256 எம்பி கேட்ட ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் அதில் ஓடிவிடும். விஸ்டாவுக்கோ அந்த 512 குறைந்தபட்சம் மட்டுமே. விளையாட்டு திறந்ததும் ராமில் இடமின்றித் தரவு ஹார்டு டிஸ்குக்கும் ராமுக்குமாக அலைந்துகொண்டே இருக்கும். பெட்டியின் முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய, திரையில் கார் விட்டுவிட்டுத் தாவும்.

இரண்டாவது காரணம் டிரைவர். விஸ்டா கிராபிக்ஸ் டிரைவர் எழுதும் முறையையே மாற்றியது. கார்டு கம்பெனிகள் அதற்குத் தயாராகவில்லை. இன்டெல்லின் 915 சிப்செட்டுக்குப் புது முறையில் டிரைவரே வரவில்லை; இருந்தும் அந்தக் கம்ப்யூட்டர்களில் 'விஸ்டா ஓடும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். இதை எதிர்த்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த வழக்கில் மைக்ரோசாப்டின் உள்கடிதங்கள் 2008-இல் வெளியே வந்தன. பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவரும், 17.9 சதவீதத்துக்கு மைக்ரோசாப்டின் சொந்த நிரல்களும், 9.3 சதவீதத்துக்கு ஏடிஐயும், 8.8 சதவீதத்துக்கு இன்டெல்லும் பொறுப்பு என்று அதில் இருந்தது. விஸ்டாவைத் திட்டியவர்களின் திட்டில் பெரும்பங்கு உண்மையில் கார்டு கம்பெனிகளுக்குச் சேர வேண்டியது. ஒலியும் அடிவாங்கியது: டைரக்ட்சவுண்டின் வன்பொருள் வழியை விஸ்டா எடுத்துவிட்டதால், காசு போட்டு வாங்கிய சவுண்ட் பிளாஸ்டர் கார்டின் சிறப்பு ஒலிகள் பல விளையாட்டுகளில் ஊமையாயின. டைரக்ட்எக்ஸ் 10-ஐயோ விஸ்டாவுக்கு மட்டும் என்று வைத்தார்கள். ஹேலோ 2 விளையாட்டு எக்ஸ்பியில் ஓடாது என்றார்கள். ஆள் சேர்க்க இப்படி ஒரு வழி.

திருப்பூருக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது: கரண்ட். 2008-லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு வழக்கமாகி, 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்கு 12 மணி நேரத்தையும் தாண்டியது. இயங்குதளம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸும் கைவிட்டால், பெட்டி மறுபடி எழும்பாது. சரியாக ஓடும் எக்ஸ்பியை கோஸ்ட் மென்பொருளால் அச்சு எடுத்து வைத்துக்கொண்டு, கெட்டால் 20 நிமிடத்தில் திரும்ப ஏற்றுவது சர்வீஸ் கடைகளின் கைவைத்தியம். புது விண்டோஸுக்கு அந்த வசதியான பழக்கம் இல்லை. இதற்கிடையில் 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கம்ப்யூட்டர் மாற்றுவதைப் பற்றி யோசிக்க அந்த ஆண்டில் யாருக்கும் நேரமில்லை.

விண்டோஸ் 7 (2009 அக்டோபர் 22) விஸ்டாவின் அதே அடித்தளத்தில் நின்றது. ஆனால் இடைப்பட்ட இரண்டே முக்கால் ஆண்டில் டிரைவர்கள் பழுத்துவிட்டன, ராம் விலை இறங்கி 2 ஜிபி சாதாரணமாகிவிட்டது. அதே கேம், கிட்டத்தட்ட அதே விண்டோஸ், இப்போது சீறியது. விஸ்டாவின் மீது சுமத்தப்பட்ட பழிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. பஞ்சிங் அறைக்கு மட்டும் 7 புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. அதன் 64-பிட் பதிப்பு 32-பிட் டிரைவரை ஏற்காது. 16-பிட் மென்பொருள் அதில் திறக்கவே திறக்காது. பழைய டாங்கிளைப் பிடித்துக்கொண்டவர்கள் எக்ஸ்பியிலேயே நின்றார்கள். அவர்கள் நின்றது சரிதான்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் இதே கேள்வியைக் கொண்டுபோனது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸின் பெரிய பதிப்பை ஏற்றி கேம் ஆடியவர்கள் ஏராளம். 2 ஜிபி ராமும் சுழலும் ஹார்டு டிஸ்கும் கொண்ட அந்தப் பெட்டியில் அடுத்து வந்த விண்டோஸ் 10 நன்றாகவே திணறியது. 10 பின்னணியில் அப்டேட் இறக்கும், கோப்புகளைப் பட்டியலிடும், வைரஸ் தேடும். அத்தனையும் ஒரே டிஸ்கை இழுக்கும். எஸ்எஸ்டி மாட்டியவர்களுக்கு அதே 10 பறந்தது.

2015 ஜூலை 29-இல் வந்து ஓராண்டு இலவசமாகக் கிடைத்த 10, பழைய விளையாட்டுகளுக்கு இன்னொரு வாசலையும் அடைத்தது. 2000-களில் வந்த பல சிடிகளில் திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை என்பதால் 10 அதை ஏற்க மறுத்தது. பூட்டு உடைத்த சிடி வைத்திருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை; கடையில் முழு விலை கொடுத்து வாங்கியவனுக்குத்தான் கேம் திறக்கவில்லை.

பழையதிலேயே இருந்தவர்களுக்கும் ஒரு விலை இருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. 2017 மே 12-இல் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவி, திருத்தம் ஏற்றாத கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தம் விடவேண்டியிருந்தது. பூட்டப்படுவது கேம் என்றால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பையரிடம் ஒப்புதல் வாங்கிய டிசைன் என்றால் ஷிப்மென்ட் போச்சு. பஞ்சிங் பெட்டியை எக்ஸ்பியிலேயே வைத்து, இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனவர்கள்தான் கெட்டிக்காரர்கள், பென்டிரைவைச் சோதித்துச் செருகியிருந்தால்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் விளையாட்டு கைப்பேசிக்குக் குடிபெயர, பிரவுசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளாகவும் சுருங்கின. கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆடுபவர்கள். ஃப்ரேம் விஷயத்தில் முன்னவர்களைவிடக் கறாரானவர்கள். 2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11 அவர்களின் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஏஎம்டி ரைசன் புரொசசர்களில் எல்3 கேஷ் நினைவகம் மெதுவாகி, சில போட்டி விளையாட்டுகளில் 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் இறங்கலாம் என்று ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அந்த மாதமே திருத்தம் வந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர்களில் தானே இயங்கும் நினைவகப் பாதுகாப்பு அடுக்கும் ஃப்ரேமைத் தின்றது. ஆடும்போது அதை அணைத்துக்கொள்ளும் வழியை 2022-இல் மைக்ரோசாப்டே வெளியிட்டது. அணைத்தால் வேகம் கூடும், பாதுகாப்பு குறையும். மறுபக்கம், பெரிய கோர் சிறிய கோர் என்று இரண்டு வகை கொண்ட இன்டெல் 12-ஆம் தலைமுறைப் புரொசசரை 11 நன்றாகவே கையாண்டது. 2024-இல் வந்த ஒரு அப்டேட் ரைசன்களுக்கு வேகத்தைக் கூட்டியும் கொடுத்தது.

இப்போது தேர்வு ஆடுபவர் கையில் அதிகம் இல்லை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் விளையாட்டை ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளம் 2019 ஜனவரி 1-இல் எக்ஸ்பியையும் விஸ்டாவையும், 2024 ஜனவரி 1-இல் 7-ஐயும் 8-ஐயும் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் உண்டு. டிபிஎம் 2.0 இல்லாத பழைய பெட்டிகளுக்கு 11 அதிகாரபூர்வமாக ஏறாது.